தட்டில் மிஞ்சிய ஐசிங்



சென்ற ஜூன் மாதம் நம் கம்யூனிட்டி ஹாலில் என் பேத்தியின் ஏழாவது பிறந்தநாள் விழா நடந்தது. உங்களில் பலர் குடும்பத்தோடு வந்து வாழ்த்தினீர்கள், நன்றி. அன்று வெட்டிய கேக் கடையில் வாங்கியதல்ல, என் மருமகள் வீட்டிலேயே செய்தது. நீலக் கடல், நடுவில் ஒரு வெள்ளைக் கப்பல், சுற்றிலும் மீன்கள். எல்லாம் ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைப் பிசைந்து, தேய்த்து, வெட்டி ஒட்டியவை. இரண்டு இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. கேக்கைப் பார்த்த எல்லோரும் கைபேசியில் படம் எடுத்தீர்கள்.

விழா முடிந்ததும் தட்டுகளைச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. ஈரக் குப்பை வேறு, உலர் குப்பை வேறு என்பது நம் சங்கத்தின் விதி. ஆகவே ஒவ்வொரு தட்டாக வழிக்க வேண்டியிருந்தது. 37 ஆண்டுகள் வங்கியில் கணக்கு எழுதிய பழக்கம், கை தானாக எண்ணியது. மொத்தம் 46 தட்டுகள். அவற்றில் 38 தட்டுகளில் நீல ஃபாண்டன்ட் தோல் போல உரிக்கப்பட்டு ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

பின்னால் வந்து நின்ற மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். "எல்லாரும் போட்டோ எடுத்தாங்க மாமா. யாரும் சாப்பிடலை, பாருங்க" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த 38 தட்டுகளில் ஒன்று என்னுடையது.

இவ்வளவு அழகான ஒன்று ஏன் ருசிக்கவில்லை? அவள் கைப்பக்குவத்தில் குறையில்லை, உள்ளே இருந்த கேக் ஒரு துளி மிஞ்சவில்லை. நான் வணிகவியல் படித்தவன், சமையல் தெரியாது. ஒரு கணக்கு இடித்தால் பழைய பேரேடுகளைப் புரட்டித் தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. அப்படி ஐசிங்கின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். படித்ததில் விடை இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெள்ளை என்றால் வசதி

சர்க்கரையின் பிறந்த வீடு நம் நாடு. சம்ஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்ற சொல் பாரசீகம், அரபு வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. 'கண்ட' என்ற சொல் அங்கே 'கேண்டி' ஆயிற்று, இங்கே நம் கல்கண்டில் நிற்கிறது. ஆனால் கேக்கின் மேல் சர்க்கரையைப் பூசி அலங்கரிப்பதைப் பெரிய கலையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்.

1747இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி லண்டனில் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் பெரிய கேக்குக்கு ஐசிங் செய்யும் முறை இருக்கிறது. 24 முட்டைகளின் வெள்ளைக்கரு, ஒரு பவுண்டு சர்க்கரை. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். இரண்டையும் கலந்து இரண்டு மூன்று மணி நேரம் அடிக்க வேண்டும், மின்சார பீட்டர் இல்லாத காலத்தில்! பிறகு அதை மெல்லிய பலகையாலோ இறகுக் கொத்தாலோ கேக்கின் மேல் பூசி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும்.

சர்க்கரையும் இன்று போலப் பொடியாகப் பாக்கெட்டில் வராது. கூம்பு வடிவக் கட்டியாக வரும். அதை வெட்டி, இடித்து, சலிக்க வேண்டும். ஐசிங்குக்கு இரண்டு முறை சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரை தேவை. அது பழுப்புச் சர்க்கரையை விட விலை கூடியது. ஆகவே கேக் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ, வீட்டுக்காரர் அவ்வளவு வசதியானவர் என்று பொருள். நம் பக்கம் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்து நகையைப் பார்ப்பது போல, அங்கே கேக்கின் வெண்மையைப் பார்த்தார்கள்.

அந்த வெண்மைக்கு விலை கொடுத்தவர்கள் வேறு சிலர். ஜமைக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்த சர்க்கரை அது. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகு, தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது. பிஜித் தீவின் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துன்பத்தைப் பாரதியார் பாடியதை நீங்கள் அறிவீர்கள். ஒரு கேக்கின் மேல்பூச்சில் இத்தனை கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ருசிக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று

அடுத்து வருபவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகி, எலிசபெத் ராஃபல்ட். முதலில் ஒரு பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகி. பிறகு மான்செஸ்டரில் சொந்தமாகக் கடை வைத்தவர். அந்த ஊரின் முதல் வர்த்தக டைரக்டரியை 1772இல் தொகுத்தவரும் அவரே. வங்கிக்காரனான எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்தது.

1769இல் அவர் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் கல்யாண கேக்குக்கு இரண்டு பூச்சுகள் சொல்கிறார். முதல் பூச்சு, பாதாம் பருப்பைப் பன்னீர் விட்டு மைய அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்தது. அதன் மேல் இரண்டாவது பூச்சு, வெள்ளைச் சர்க்கரை ஐசிங். அதில் இரண்டு பவுண்டு சர்க்கரைக்கு இரண்டு அவுன்ஸ் ஸ்டார்ச் சேர்க்கச் சொல்கிறார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். ராஃபல்ட் அம்மையார் இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறார். கீழே உள்ள பாதாம் பூச்சு ருசிக் கணக்கு. மேலே உள்ள வெள்ளைப் பூச்சு காட்சிக் கணக்கு. விருந்தாளி ஒரு துண்டு கடித்தால் பாதாம், பன்னீர், பழக் கேக், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வரும். வெறும் சர்க்கரையைத் தின்னுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஒரே வரியில் சொல்லலாம். காட்சிக் கணக்கில் பற்று ஏறிக்கொண்டே போயிற்று, ருசிக் கணக்கைக் கவனிக்க ஆள் இல்லை.

உயர்ந்துகொண்டே போன கேக்

1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம். அந்தக் கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. சுற்றளவு ஏறத்தாழ 9 அடி. உச்சியில் மணமக்களை பிரிட்டானியா தேவி ஆசீர்வதிப்பது போன்ற சிலை. இன்றும் முட்டை வெள்ளைக்கருவில் அடிக்கும் ஐசிங்கை 'ராயல் ஐசிங்' என்று சொல்லும்போது அந்தக் கல்யாணத்தை நினைவுகூர்வது வழக்கம்.

1858இல் மகாராணியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். கேக் இன்னும் உயரம். ஆனால் அடியில் மட்டும்தான் கேக், மேலடுக்குகள் சர்க்கரையால் ஆன வேலைப்பாடு. எல்லா அடுக்கும் உண்மையான கேக்காக வந்த அரச குடும்பத்துக் கேக், 1882இல் இளவரசர் லியோபோல்டின் கல்யாணத்துக்குச் செய்தது என்பார்கள். மேல் கேக்கின் பாரம் தாங்க வேண்டுமென்றால் கீழ் ஐசிங் கல்லாக இறுக வேண்டும். ராயல் ஐசிங் அப்படி இறுகும் சரக்குதான். பாரம் தாங்கியது, பல் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் சர்க்கரை விலை இறங்கியது. பீட்ரூட் வகைக் கிழங்கிலும் அதே சர்க்கரை இருப்பதை 1747இலேயே பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்திருந்தார். அடுத்த நூற்றாண்டில் அது ஐரோப்பாவில் பெருந்தொழில் ஆயிற்று. 1874இல் பிரிட்டன் சர்க்கரை மீதான இறக்குமதி வரியை அடியோடு நீக்கியது. வரி போனதும் நடுத்தர வீடுகளிலும் வெள்ளை ஐசிங் வந்துவிட்டது. அரிதாக இருந்தவரை மெல்லிசாகப் பூசியதை, மலிவானதும் தடிமனாகப் பூச முடிந்தது.

அட்டை கேக்

இனி வருவது என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கேக்கின் மேல் ஐசிங் பூசி விற்பதற்கே அரசு தடை போட்டது. கல்யாணங்கள் நிற்குமா? பேக்கரிக்காரர்கள் அட்டையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் அடுக்கு கேக் போலவே வெள்ளைக் கூடுகள் செய்து வாடகைக்கு விட்டார்கள். மணமக்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கூட்டைத் தூக்கினால், உள்ளே ஒரு சின்ன சாதாரண கேக் இருக்கும். அதைத்தான் வெட்டுவார்கள்.

நாமும் ரேஷன் கடையில் சர்க்கரைக்கு வரிசையில் நின்றவர்கள்தான். அந்த மணமக்களின் நிலை நமக்குப் புரியும். நல்ல நாளில் ஏதோ ஒன்று அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த அட்டைக் கூட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் ஹாலில் கிடந்த 38 தட்டுகள் நினைவுக்கு வந்தன. அவர்கள் சர்க்கரை இல்லாததால் அட்டையைத் தூக்கி வைத்தார்கள். நாம் வீட்டில் சர்க்கரையை வைத்துக்கொண்டே அட்டை செய்கிறோமோ?

அந்தச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது.

கொழுப்பு மாறிய கதை

இன்னொரு மாற்றமும் நடந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர்க்ரீம் பூசும் பழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியது. வெண்ணெய் விலை அதிகம், உருகும் தன்மையும் அதிகம். 1911இல் அங்கே 'கிரிஸ்கோ' என்ற பெயரில் தாவர எண்ணெயை இறுக வைத்த கொழுப்பு சந்தைக்கு வந்தது. நம் நாட்டில் 1937இல் 'டால்டா' வந்தது. 1945இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் பால் இல்லாமல் சோயாவிலிருந்து அடித்து நுரைக்கும் க்ரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் ஊர் க்ரீம் கேக்குகள் பலவற்றின் மேல் இருப்பது அந்த வம்சத்து க்ரீம்தான்.

நம் சின்ன வயதில் பேக்கரி கேக்கின் மேல் ரோஜாப்பூ ஒன்று இருக்குமே, தின்றால் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டிக்கொள்ளும், நினைவிருக்கிறதா? காரணம் எளிது. வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரியில் உருகும், நம் வாயின் சூடு 37 டிகிரி, ஆகவே நாக்கில் கரைந்துவிடும். இறுக வைத்த கொழுப்பு வாயின் சூட்டில் முழுவதும் உருகாது. பேக்கரிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சென்னை மே மாத வெயிலில் வெண்ணெய் ரோஜா அரை மணி நேரம் நிற்காது. அவர் நிற்கும் ரோஜாவைத் தேர்ந்தெடுத்தார், ருசியை விட்டுக்கொடுத்தார்.

ஃபாண்டன்ட் என்றால் கரைவது

'ஃபாண்டன்ட்' என்பது பிரெஞ்சுச் சொல். உருகுவது, கரைவது என்று பொருள். பெயர் வாங்கிய அசல் ஃபாண்டன்ட் வேறு. சர்க்கரைப் பாகை நாம் அதிரசத்துக்கு எடுப்பது போன்ற பதத்தில், சுமார் 115 டிகிரியில் இறக்கி, அசைக்காமல் ஆறவைத்து, பிறகு நன்றாகக் கிளறினால் வெள்ளை வெளேரென்று பூத்து வரும். அதன் படிகங்கள் மிகப் பொடியானவை, நாக்கில் வைத்ததும் கரையும்.

இன்று கேக்கின் மேல் போர்த்துவது தேய்த்து விரிக்கும் ஃபாண்டன்ட். அது பாகு காய்ச்சாதது. ஐசிங் சர்க்கரையோடு ஜெலட்டின் அல்லது வேறு பசை, லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மாவு. துணி போல மடிய வேண்டும், கிழியக் கூடாது, நிறம் ஏற்க வேண்டும் என்பதற்காக உருவானது. கரைவது என்று பெயர் வைத்துக்கொண்டு சுலபத்தில் கரையாது. அதை அரை அங்குலத் தடிமனில் போர்த்தி, தின்னவும் சொன்னால் யார் தின்பார்கள்?

வீட்டில் நாங்கள் செய்து பார்த்தவை

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளிடம் சொன்னேன். "அப்போ கீழே இருந்த பாதாமைத்தான் நாம விட்டுட்டோம், இல்லையா மாமா?" என்றாள். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது அவளுக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அவள் செய்து பார்த்து நன்றாக வந்தவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, அடிப்பூச்சு. பாதாமுக்குப் பதில் முந்திரி. காஜு கத்லிக்குக் கிளறும் அதே மாவுதான், சில துளி பன்னீர் சேர்த்தது. கேக்கின் மேல் மெல்லிசாக ஜாம் தடவி, இந்த மாவைத் தேய்த்துப் போர்த்த வேண்டும். ராஃபல்ட் அம்மையாரின் பாதாம் பூச்சுக்கு இது தங்கை முறை.

இரண்டாவது, மேலே ஃபாண்டன்ட் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பிசையும்போதே ஒரு சிட்டிகை தூள் உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு, ஏலப்பொடி அல்லது நல்ல வெனிலா சேர்க்கவும். உப்பும் புளிப்பும் இல்லாத இனிப்பு தட்டையாக இருக்கும். பாயசத்தில் நம் பாட்டிமார்கள் ஒரு கல் உப்புப் போட்டது இதற்காகத்தான்.

மூன்றாவது, உள்ளே வைக்கும் க்ரீம். சாதாரண பட்டர்க்ரீமில் 225 கிராம் வெண்ணெய்க்கு 450 கிராம் ஐசிங் சர்க்கரை போகும். கடையில் வாங்கும் ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும், அதனால் ஒரு பச்சை வாசனையும் வரும். அதற்குப் பதில் பழைய அமெரிக்க முறை ஒன்று இருக்கிறது. ரெட் வெல்வெட் கேக்குக்கு க்ரீம் சீஸ் வருவதற்கு முன் பூசியது இதைத்தான். 250 மில்லி பாலில் 5 மேசைக்கரண்டி மைதாவையும் 200 கிராம் சாதாரண சர்க்கரையையும் கட்டியில்லாமல் கரைத்து, கூழ் போலக் காய்ச்சி, முழுவதும் ஆறவைக்கவும். 225 கிராம் உப்பில்லா வெண்ணெயைத் தனியாக அடித்து, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடிக்கவும். சர்க்கரை பாதிக்கும் குறைவு, வாயில் பட்டுப் போல இருக்கும். பாலும் வெண்ணெயும் இருப்பதால் நம் ஊர் சூட்டில் இந்தக் கேக்கை ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஃபாண்டன்டில் வியர்வை போல நீர் கோக்கும். தொடாமல் மின்விசிறியின் கீழ் விட்டால் உலர்ந்துவிடும்.

நான்காவது, பொம்மைகள். உருக்கிய வெள்ளை சாக்லேட்டில், அதன் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை லிக்விட் குளுக்கோஸ் கலந்து ஆறவைத்துப் பிசைந்தால் களிமண் போல வரும். அதில் செய்த மீனைக் குழந்தைகள் தேடித் தின்பார்கள். அடர் சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் நிறமி நிறையத் தேவைப்படும், கசக்கும். கறுப்புக்குக் கோகோ சேர்த்த மாவிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாவது, சைவ வீடுகளுக்கு. 2014இல் ஜோயல் ரோஸல் என்ற பிரெஞ்சு இசைக் கலைஞர், பருப்பு வகைகள் வெந்த நீர் முட்டை வெள்ளைக்கரு போலவே நுரைப்பதைக் கண்டறிந்தார். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீரை ஆறவைத்து அடித்துப் பாருங்கள், ராயல் ஐசிங் வரும். கடலை வாசனைக்கு எலுமிச்சையும் பன்னீரும் மருந்து. முட்டை சேர்ப்பவர்களும் பச்சை வெள்ளைக்கருவைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் பாஸ்டுரைஸ் செய்ததையோ மெரிங்க் பவுடரையோ பயன்படுத்துவது நல்லது. கடையில் ஃபாண்டன்ட் வாங்கினால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், ஜெலட்டின் சைவம் அல்ல.

இறுதிக் கணக்கு

போன மாதம் என் மனைவியின் அறுபதாவது பிறந்தநாளை வீட்டளவில் கொண்டாடினோம். கேக்கில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. வெள்ளைப் போர்வை, மேலே சாக்லேட்டில் செய்த மூன்று மல்லிகைச் சரங்கள். ஜூன் மாதக் கேக்கின் அழகில் பாதிதான் என்று பேத்தி கறாராகச் சொல்லிவிட்டாள். 22 தட்டுகள். வழித்தபோது 4 தட்டுகளில் மட்டும் ஐசிங் மிஞ்சியிருந்தது. அதில் ஒன்று சர்க்கரை நோயுள்ள என் மைத்துனருடையது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மருமகளிடம் தட்டுகளைக் காட்டினேன். அவள் எண்ணவில்லை. மிஞ்சியிருந்த ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் வீட்டிலேயே கேக் செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் செய்த கேக் உங்கள் கைக்கு வரும்போது, படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐசிங்கையும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று செய்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அன்று நம் 46 பேரில் ஒருவராவது சொல்லியிருந்தால், அவள் அதைக் குப்பைத் தட்டிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. நான் உட்படத்தான் சொல்கிறேன்.